நாற்பத்தோராம் பக்கம்

மார்ச் 4

தங்கச்சிக்கு,

உன் அமைச்சகம் வெளியிட்ட இறக்குமதித் தடைப் பட்டியலில் 212-ஆவது வரிசையில் "லிஃப்ட் பிரேக் லைனிங், சுருளாகவோ துண்டாகவோ" என்று இருக்கிறது. அதைச் சேர்த்தது தவறு. கைதவறி நடந்தது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். பட்டியலின் அடியில் இணைச் செயலாளர் என்று போட்டு உன் கையெழுத்து இருக்கிறது. சின்ன வயதில் சிலேட்டில் போட்ட அதே வால் நீண்ட கையெழுத்து.

ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் நீ முதலில் கோபப்படுவாய், பிறகு அழுவாய், நான் "சரி, விடு" என்று சொல்லிவிடுவேன். இந்த விஷயத்தில் "சரி, விடு" கிடையாது. நீயும் எழுத்திலேயே பதில் சொல்.

இங்கே அரசு மருத்துவமனையில் நோயாளிகளைக் கட்டிலோடு ஏற்றும் லிஃப்ட் நின்று பத்தொன்பது நாளாகிறது. நிறுத்தியவன் நான்தான். பிரேக்கில் இரண்டு கட்டைகள் உருளையை இரண்டு பக்கமும் பிடிக்கும். அந்தக் கட்டைகளின் முகத்தில் ஒட்டியிருப்பதுதான் லைனிங். அதைக் கட்டையோடு பிடித்திருக்கும் ரிவெட் ஆணி வரை தேய்ந்துவிட்டது. தேயாமல் என்ன செய்யும்? ஒரு நாளைக்கு ஆறு தடவை மின்சாரம் போகிறது. போகும்போதெல்லாம் ஓடுகிற பெட்டியைப் பிரேக் ஒரே பிடியில் பிடித்து நிறுத்துகிறது. நாலு வருடத் தேய்மானம் நாலு மாதத்தில் வந்துவிட்டது. மின்வெட்டும் உங்கள் உத்தரவு, தடையும் உங்கள் உத்தரவு. ஒரு கை தேய்க்கிறது, இன்னொரு கை மாற்றுப் பொருளைத் தடுக்கிறது. வெளிநாட்டிலிருந்து எனக்கு வந்த லைனிங் சுருள் துறைமுகத்தில் கிடக்கிறது. அது வந்தால் இரண்டு நாளில் வெட்டி, துளை போட்டு, கட்டையில் ஏற்றிவிடுவேன்.

அறுவை அறை நான்காவது மாடியில். நோயாளிகளை நான்கு பேர் ஸ்ட்ரெச்சரில் வைத்துப் படியேற்றுகிறார்கள். திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் மடங்காது, ஆள்தான் மடங்க வேண்டும். ஒட்டடைக்குச்சி என்று எல்லோரும் கூப்பிடுகிற நெட்டையான வார்டு உதவியாளர் நேற்று மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "அண்ணே, உங்க லிஃப்டுக்கு அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல என் முதுகுக்கு லைனிங் மாத்துங்க."

மருத்துவமனைக் கண்காணிப்பாளர் என்னைக் கூப்பிட்டு, "ஏதாவது ஒட்டுப் போட்டு ஓட்டுங்க, நாலு நாள் ஓடினாப் போதும்" என்றார்.

"அஞ்சாம் நாள் நீங்க ஏறுவீங்களா சார்?" என்று கேட்டேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

இப்போது என் கேள்வி ஒன்றே ஒன்று. இந்த நாட்டில் லிஃப்ட் பிரேக் லைனிங் செய்ய முடியும், வெளியிலிருந்து வாங்க வேண்டாம் என்று உங்களுக்கு எந்த மேதாவி சொன்னான்? பெயரை எழுது. நான் ஐந்தாம் வகுப்பு. லிஃப்டைப் பிரித்துப் பிரித்துத்தான் லிஃப்டைக் கற்றேன். எனக்குத் தெரிந்தது அவனுக்கு எப்படித் தெரியாமல் போனது?

உன்னைப் படிக்க வைத்தது நான் என்று இந்தக் கடிதத்தில் எழுதக் கூடாது என்று நினைத்திருந்தேன்.

அண்ணன்


மார்ச் 13

அன்புள்ள அண்ணனுக்கு,

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உங்கள் கடிதத்தைப் படித்தேன். எப்படியிருக்கிறாய் என்று ஒரு வரி இல்லை. எனக்கு ரத்த அழுத்தம் கூடியிருப்பதை அண்ணி சொல்லியிருப்பார். சொன்ன பிறகும் நீங்கள் கேட்கவில்லை என்பதையும் கவனித்தேன்.

நான் சொல்வதையும் ஒரு முறை கேளுங்கள். ஜனவரியில் எங்கள் எல்லோரையும் ஒரு நீள மேசையைச் சுற்றி உட்கார வைத்தார்கள். கையிருப்பில் இருக்கும் டாலர் பதினோரு நாள் எரிபொருளுக்கும் மருந்துக்கும் மாவுக்கும் வரும் என்றார்கள். பன்னிரண்டாம் நாள் என்ன என்று மத்திய வங்கியிலிருந்து வந்தவரிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதுதான் பதில். நான்கு நாளில் முந்நூற்று எழுபது பொருள்களை நிறுத்தும் பட்டியல் வேண்டும் என்று உத்தரவு. விதி இதுதான்: உள்நாட்டில் செய்கிறவர் ஒருவராவது பதிவேட்டில் இருந்தால் அந்தப் பொருளை நிறுத்தலாம். துறைமுகத்துக்கு வெளியே மருந்துக் கப்பல் பணத்துக்காகக் காத்து நின்றபோது, எந்தப் பொருளை விட்டுவிடலாம் என்று யோசிக்கிற இடத்தில் நீங்கள் இருந்ததில்லை.

புதிய அமைச்சர் வந்து மூன்று வாரமாகிறது. ஐந்து மாதத்தில் இவர் இரண்டாவது. முந்தையவரின் பெயர்ப்பலகை தொங்கிய ஆணியிலேயே இவருடையதையும் மாட்டினார்கள். சுவரில் புதுத் துளை வேண்டாம், அடிக்கடி பூச முடியாது என்று தச்சரே சொல்லிவிட்டார். உங்கள் கடிதம் வந்த மறுநாள் 212-ஐப் பற்றி அமைச்சரிடம் பேசினேன்.

"லிஃப்டா? நடந்தா உடம்புக்கு நல்லதுதானே, மேடம்?" என்றார். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். திட்டுவதாக இருந்தால் அதற்காகத் திட்டுங்கள், ஏற்றுக்கொள்கிறேன்.

விலக்குக் கேட்க வழி இருக்கிறது. கண்காணிப்பாளர் மூன்று பிரதிகளில் விண்ணப்பிக்க வேண்டும். படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். வந்ததும் என் மேசைக்கு வரும்படி பார்த்துக்கொள்கிறேன்.

யார் சொன்னது என்று கேட்டிருக்கிறீர்கள். அது கோப்பில் இருக்கிறது. அதை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

நீங்கள் என்னைப் படிக்க வைத்ததை நான் மறந்ததில்லை. மறக்க நீங்கள் விட்டதும் இல்லை.

தங்கை


ஏப்ரல் 2

தங்கச்சிக்கு,

நீ அனுப்பிய படிவம் உன் மேசைக்கு வரவில்லை அல்லவா? வராது. அமைச்சகத்தின் பெயரை மாற்றிவிட்டார்களாம். பழைய பெயருக்கு எழுதியதால் விண்ணப்பம் செல்லாது என்று முத்திரை குத்தி மருத்துவமனைக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். நீ உட்கார்ந்திருக்கும் கட்டடத்தின் பெயர் மாறியது உனக்குத் தெரியுமா, தெரியாதா?

கண்காணிப்பாளர் எனக்காகக் காத்திருக்கவில்லை. ஒப்பந்தக்காரர் ஒருவரைக் கூட்டி வந்தார். அந்த ஆள் லாரி கிளச் தட்டிலிருந்து பொருளைச் செதுக்கி எடுத்து, பசை போட்டு, பிரேக் கட்டையில் ஒட்டிவிட்டுப் போனார். நான் வாசலில் நின்று கத்தினேன். "பெரியவரே, தொழில் போட்டியா?" என்று கேட்டார்.

நான்கு நாள் ஓடியது. ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்கு, மூன்றாம் மாடியில் கட்டிலைப் பாதி வெளியே தள்ளியிருந்தபோது மின்சாரம் போனது, பிரேக்கில் போட்ட ஒட்டும் பெயர்ந்தது. பத்திரிகைகள் லிஃப்ட் விழுந்தது என்று எழுதின. விழவில்லை. ஏறியது. எதிர்ப்பக்கம் தொங்குகிற எடை அதிகம், பெட்டிக்குள் ஆள் குறைவு. பிரேக் பிடிக்காவிட்டால் பெட்டி மேலேதான் போகும். வயிற்றில் தையல் போட்ட ஒரு பெண் கட்டிலில் இருந்தாள். ஒட்டடைக்குச்சி கட்டிலை முழு பலத்தோடு வராந்தாவுக்குத் தள்ளிவிட்டார். அவள் தப்பித்தாள். அவருடைய வலது கால் பெட்டிக்கும் வாசலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு. அவரையும் படி வழியாகத்தான் நான்காம் மாடிக்குத் தூக்கிப் போனார்கள். நானும் ஒரு முனையைப் பிடித்தேன். "இப்ப தெரியுதா அண்ணே, படி எத்தனைன்னு?" என்று கேட்டார். நான் எண்ணவில்லை. என்னால் முடியவில்லை.

அதனால் மறுபடி கேட்கிறேன். லைனிங் இங்கேயே செய்யலாம் என்று சொன்னவன் யார்? சட்டப்படி நீ சொல்லக் கூடாது என்றால் சட்டப்படி நான் கத்தலாம். நேற்று ஒரு நிருபர் வந்தார். பட்டியலில் கையெழுத்துப் போட்டவர் யார் என்று கேட்டார். கூடப் பிறந்தவள் என்பதற்காக வாயை மூடிக்கொள்கிற ஆள் நான் இல்லை.

அண்ணன்


ஏப்ரல் 11

அன்புள்ள அண்ணனுக்கு,

பத்திரிகையைப் பார்த்தேன். "என் தங்கை போட்ட கையெழுத்து ஒரு காலை முறித்தது" என்று உங்கள் படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். படத்தில் நன்றாக இருக்கிறீர்கள். இளைத்திருக்கிறீர்கள்.

அதற்கு மறுநாள் என்ன நடந்தது என்று வானொலியில் கேட்டிருப்பீர்கள். காலையில் எங்கள் தெருவில் எரிபொருள் வரிசையில் நின்றவர்கள் மாலையில் பிரதமர் வீட்டு வரவேற்பறையில் நின்றார்கள். அரசு போய்விட்டது. ஐந்து கட்சிகள் சேர்ந்து புதிய அரசு அமைத்திருக்கின்றன. வந்தவர்களின் முதல் வேலை விசாரணை ஆணையம். விசாரணைக்கு முகம் வேண்டும். பழைய அமைச்சர்கள் விமானத்தில் ஏறிவிட்டார்கள். கோப்புகளில் கையெழுத்துப் போட்டவர்கள்தான் மிச்சம். திங்கட்கிழமை என்னைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது.

இப்போது உங்கள் கேள்விக்குப் பதில். இத்துடன் ஒரு தாள் இருக்கிறது. நகல் இல்லை, அசல். கோப்பின் நாற்பத்தோராம் பக்கம். பழுப்பேறியிருக்கிறது, மெதுவாகப் பிரியுங்கள்.

ஆறு வருடத்துக்கு முன் உள்நாட்டு உற்பத்தியாளர் பதிவேட்டுக்கு நீங்கள் எழுதிய விண்ணப்பம் அது. "லிஃப்ட் பிரேக் லைனிங்கை அயல்நாட்டிலிருந்து வாங்கும் அவமானம் இனி இந்த நாட்டுக்குத் தேவையில்லை. என் பட்டறையில் எத்தனை வேண்டுமானாலும் செய்து தருகிறேன்." கீழே உங்கள் கையெழுத்து. நான்தான் தட்டச்சு செய்து கொடுத்தேன், நினைவிருக்கிறதா? "எத்தனை வேண்டுமானாலும்" என்பதற்குக் கோடு போடச் சொன்னீர்கள். போட்டேன்.

பதிவேட்டில் லைனிங்குக்கு ஒரே ஒரு பெயர்தான் உண்டு.

சந்தேகமாக இருந்த பொருள்களுக்கெல்லாம் பட்டறையை நேரில் பார்த்துவிட்டு வர ஆள் அனுப்பினேன். நான்கு நாளில் எண்பது இடங்களுக்கு அனுப்பினேன். உங்கள் பட்டறைக்கு மட்டும் அனுப்பவில்லை. உதவியாளர் கேட்டார், "இதுக்கு யாரைப் போகச் சொல்ல, மேடம்?" என்று. "அது வேண்டாம், எனக்குத் தெரியும்" என்றேன். அண்ணன் சொன்னால் சொன்னதுதான் என்று ஐம்பது வருடமாகப் பழகிவிட்டது. வெளியிலிருந்து வரும் சுருளைத்தான் நீங்கள் வெட்டுகிறீர்கள் என்பது உங்கள் மார்ச் மாதக் கடிதத்தைப் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

உங்கள் படம் பத்திரிகையில் வந்த அன்று இந்தத் தாளைக் கோப்பிலிருந்து எடுத்தேன். நிருபர்கள் எப்படியும் அதுவரை வருவார்கள். வந்தால் ஊர் சிரிக்கும். திட்டினால் நீங்கள் தாங்குவீர்கள். சிரித்தால் தாங்க மாட்டீர்கள். படித்துவிட்டு எரித்துவிடுங்கள்.

தங்கை


ஏப்ரல் 19

தங்கச்சிக்கு,

நான் பொய் எழுதவில்லை. அதை முதலில் பதிவு செய்கிறேன்.

ஆறு ஜோடி செய்தேன். ஆறும் இன்றைக்கும் ஓடுகின்றன. உருளையின் வளைவுக்குத் தகுந்தபடி லைனிங்கைத் தேய்த்து எடுப்பது இந்த ஊரில் என் ஒருவன் கைக்குத்தான் வரும். சுருள் வெளியிலிருந்து வந்தது என்றால், அது கச்சாப் பொருள். தச்சர் மரத்தை வளர்க்கிறாரா? நாற்காலியைச் செய்தவர் அவர்தானே? அந்தக் கணக்கில்தான் எழுதினேன். பதிவு செய்ததற்கு வந்த சான்றிதழைக் கண்ணாடி போட்டுப் பட்டறையில் மாட்டியிருக்கிறேன். பாராட்டு என்று நினைத்துத்தான் மாட்டினேன். அதைக் காட்டி ஒரு நாள் துறைமுகக் கதவைச் சாத்துவார்கள் என்று யார் கண்டது?

இன்னொன்று. ஒரு மெக்கானிக் மார்தட்டியதை நம்பியா நாட்டை நடத்துவீர்கள்? மார்தட்டுவது மெக்கானிக்கின் சுபாவம். சரிபார்ப்பது உங்கள் வேலை.

உன் அண்ணி அந்தத் தாளைப் படித்தாள். நான் காட்டவில்லை, மேசையிலிருந்து எடுத்துவிட்டாள். "எத்தனை வேண்டுமானாலும்" என்ற இடத்துக்கு வந்ததும் சிரிக்க ஆரம்பித்தாள். "மேதாவி யாருன்னு நாடு பூரா தேடினீங்களே, கண்ணாடி முன்னாடி போய் நின்னிருந்தா ஒரு தபால் தலை மிச்சமாயிருக்கும்!" என்றாள். நான் பட்டறைக்குப் போய்விட்டேன். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவளாகவே டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "சிறைக்குப் போகப் போறது உங்க தங்கச்சி, உம்முனு இருக்கறது நீங்க" என்றாள்.

சிறை என்றால் என்ன அர்த்தம்? அவளுக்கு எப்படித் தெரியும்? அவளோடு போனில் பேசுகிறாயா?

ஒட்டடைக்குச்சியைப் பார்க்கப் போனேன். காலுக்குள் கம்பி வைத்திருக்கிறார்கள். அதுவும் வெளியிலிருந்து வந்த கம்பிதான். அவரிடம் தாளைப் பற்றிச் சொல்லலாம் என்று போனேன். சொல்லவில்லை. தலையணையைச் சரிசெய்துவிட்டு வந்துவிட்டேன்.

தாளை என்ன செய்தேன் என்று இப்போது எழுத மாட்டேன்.

அண்ணன்


ஏப்ரல் 27

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆமாம், அண்ணியோடு போனில் பேசுகிறேன். கடிதம் என்பது உங்களுக்கும் எனக்கும் நீங்கள் போட்ட சட்டம்தானே.

ஆணையம் என்னை மே 9-ஆம் தேதி காலைக்கு அழைத்திருக்கிறது. கோப்பில் நாற்பதாம் பக்கத்துக்குப் பிறகு நாற்பத்திரண்டு வருவதைக் கவனித்துவிட்டார்கள். 212-ஐச் சேர்த்தது ஒரு குற்றம் இல்லையாம், தவறான முடிவுதானாம். அரசு ஆவணத்தை எடுத்தது குற்றம். நிரூபணமானால் மூன்று வருடம் வரை. இதை உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் அண்ணியிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வக்கீல் இரண்டு வழி சொல்கிறார். ஒன்று, ஆவண அறைக் காப்பாளர் மேல் போட்டுவிடுவது. "எலி கடிச்சிருச்சுன்னு அவர் சொல்லட்டும் மேடம், அவருக்குப் பெரிசா எதுவும் ஆகாது." அவருக்கு வேலை போகும். இருபத்தாறு வருடமாக எனக்குக் கோப்பு எடுத்துக் கொடுக்கிறார். மாட்டேன் என்றேன்.

இரண்டாவது, காத்திருப்பது. "உடம்பு சரியில்லைன்னு ரெண்டு மாசம் இழுங்க. இந்த அஞ்சு கட்சியும் ஒரே மேசைல சாப்பிடக்கூட மாட்டாங்க. அரசாங்கம் போனா ஆணையமும் போயிரும்." நியாயமாகத்தான் படுகிறது. எனக்குத் தெரிந்து மூன்று ஆணையங்கள் அப்படித்தான் கலைந்தன. அவற்றின் அறிக்கைகள் கட்டுக் கட்டாக எங்கள் மாடிப்படிக்குக் கீழே கிடக்கின்றன. ஆனால் இழுக்க இழுக்கக் காப்பாளரைத் தினமும் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள்.

அதனால் 9-ஆம் தேதி போகிறேன். தாளை நான்தான் எடுத்தேன், எரித்துவிட்டேன் என்று சொல்லப்போகிறேன். அதில் என்ன இருந்தது என்று கேட்டால் நினைவில்லை என்பேன். நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். சும்மா இருப்பது உங்களுக்குக் கஷ்டம் என்று தெரியும். எனக்காக ஒரு முறை சும்மா இருங்கள்.

தங்கை


மே 3

தங்கச்சிக்கு,

எரிக்கவில்லை. எதையும் கழற்றினால் திரும்ப மாட்டும் வரை பத்திரமாக வைப்பது என் பழக்கம்.

உன் வக்கீல் சொல்வது போல் இரண்டு மாதத்தில் இந்த அரசு போகலாம். ஆனால் 212 போகாது. அமைச்சர் மாறினார், அமைச்சகத்தின் பெயர் மாறியது, அரசே மாறியது. அது அசையவில்லை. அரசைக் கவிழ்க்க ஐம்பதாயிரம் பேர் தெருவுக்கு வந்தார்கள். ஒரு வரியை அடிக்க ஒரு ஆள் பேனாவை எடுக்கவில்லை. எடுக்காதவர்களில் நீயும் ஒருத்தி. அதை மன்னிக்கவில்லை, இப்போதைக்கு. உன் மேல் எனக்கு இருந்த மற்ற கோபங்களை நேற்று உட்கார்ந்து யோசித்தேன். பாதிக்கு மேல் அந்தத் தாளிலிருந்து கிளம்பியவை.

ஒட்டடைக்குச்சியிடம் இன்று சொல்லிவிட்டேன். தாளைக் கையில் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். சிரிக்கவில்லை. "எங்கிட்ட சொல்லிட்டீங்க, சரி. சொல்ல வேண்டிய எடத்துல சொல்லுங்கண்ணே" என்றார். அவர் சிரித்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

சும்மா இருக்கச் சொன்னாய். முடியாது. இனி ஆக வேண்டியதை எழுதுகிறேன்.

பேருந்து இரண்டு நாளுக்கு ஒரு முறைதான். 7-ஆம் தேதிப் பேருந்தில் ஏறி, 9-ஆம் தேதி காலை ஆணையத்தின் வாசலில் நிற்க வேண்டியவன் நான். நாற்பத்தோராம் பக்கத்தை மேசையில் வைத்து, இது என் கையெழுத்து, ஆறு ஜோடிதான் செய்தேன், சுருள் வெளியிலிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியவனும் நான். பட்டறைச் சான்றிதழைக் கழற்றித் துணியில் சுற்றியாகிவிட்டது. அதையும் அவர்களிடம் கொடுத்துவிடுவேன்.

தாளை எடுத்தது நீ என்பதை நீயே சொல்ல வேண்டும். யாருக்காக எடுத்தாய் என்பதையும் சொல்ல வேண்டும். எரித்தேன் என்று மட்டும் சொல்லாதே. எனக்காக நீ ஒரு பொய்யும் சொல்ல வேண்டியதில்லை. தண்டனை எதுவானாலும் நீ செய்ததற்கு மட்டும் வரட்டும். தாள் திரும்பி வந்துவிட்டால் குறையும் என்று இந்த ஊர் வக்கீல் சொல்கிறார். சரியா என்று உன் வக்கீலிடம் கேள். இந்த முறை கேட்டுச் சரிபார்.

காப்பாளரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்ப வேண்டியது ஆணையம். அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்க வேண்டியது நீ.

நான்கு நாளில் முந்நூற்று எழுபது பொருளை நிறுத்தச் சொன்னது யார் என்று, விமானம் ஏறியவர்களைத் திருப்பிக் கூட்டி வந்து கேட்க வேண்டியதும் ஆணையம்தான். நான் போகிற இடத்தில் அதைக் கேட்காமல் வர மாட்டேன். என்னை வெளியே தள்ளினால் வெளியே நின்று கேட்பேன்.

212-ஐ அடிக்க வேண்டியது இப்போதைய அமைச்சர். அவரும் போய்விட்டால் அடுத்து வருகிறவர். முந்தைய அரசு போட்டது என்பதற்காகப் பட்டியல் முழுவதையும் கிழித்துப் போடக் கூடாது, மருந்துக்கும் டாலர் வேண்டும். பதிவேட்டில் இருக்கிற ஒவ்வொருவர் பட்டறைக்கும் ஆள் போய், அந்தப் பொருளைச் செய்கிற கையைக் கண்ணால் பார்க்க வேண்டும். எங்கள் மாதிரி ஆட்கள் கை சும்மா இருக்கும்போதுதான் அதிகம் பேசுவோம்.

சுருள் வரும்வரை லிஃப்டைப் பூட்டி, சாவியைத் தன் பையிலேயே வைத்திருக்க வேண்டியது கண்காணிப்பாளர். ஒப்பந்தக்காரர் அந்த மருத்துவமனைப் பக்கம் வரக் கூடாது. படியில் தூக்குவதற்கு இன்னும் எட்டுப் பேர் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். நான் ஊரில் இல்லாத நாட்களில் ஒட்டடைக்குச்சிக்குச் சாப்பாடு கொண்டுபோக வேண்டியது உன் அண்ணி.

ஆணையத்தில் இருப்பவர்கள் படித்தவர்கள். கோடு போட்ட இடத்தை முதலில் வாய்விட்டுப் படிப்பார்கள். "எத்தனை வேண்டுமானாலும்" என்று ஒருவர் இன்னொருவருக்குக் காட்டுவார். நிருபர்களும் இருப்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். நீ தலையைக் குனியாதே, எழுந்து என் பக்கம் வராதே, இருந்த இடத்தில் இரு. அந்தச் சிரிப்பை வாங்கிக்கொள்ள வேண்டியது நான்.

அண்ணன்